வினைக்குப் பின்னால் எந்தப் பிரிபொசிஷன்? ஆங்கிலம் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அவனைத் திட்டினாள், அவனுக்கு உதவினாள், அவனிடம் கேட்டாள், அவனோடு சண்டை போட்டாள், அவன் மேல் கோபப்பட்டாள். ஐந்திலும் எதிரே நிற்பது ஒரே ஆள்தான். உருபு மட்டும் வினைக்கு வினை மாறுகிறது. காப்பாற்றினால் ‘அவனை’ என்கிறோம்; உதவினால் ‘அவனுக்கு’ என்கிறோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே செயல்தானே, உருபு ஏன் வேறு என்று தமிழ் கற்க வந்தவர் யாராவது கேட்டால், ‘அப்படித்தான் சொல்வோம்’ என்பதைத் தவிர நம்மிடம் பதில் இல்லை. பள்ளியில் ‘ஐ, ஆல், கு, இன், அது, கண்’ என்று ஒப்பிப்பதற்கு வெகு முன்பே வாய் இதையெல்லாம் பழகிவிட்டது.

ஆங்கிலத்தில் இந்த வேலையின் பெரும்பகுதியைப் பார்ப்பவை பிரிபொசிஷன்கள்: டு, ஃபார், ஆன், அட், இன், வித், ஆஃப், ஃப்ரம், அபௌட். எந்த வினையோடு எது வரும் என்பதை அங்கேயும் பெரும்பாலும் வழக்கமே முடிவு செய்கிறது. நமக்குச் சிக்கல் எங்கே வருகிறது என்றால், தமிழ் உருபையே ஆங்கிலத்துக்குப் பெயர்த்து வைக்கிறோம். ‘பற்றி’ என்றால் அபௌட், ‘ஓடு’ என்றால் வித், ‘கு’ என்றால் டு. பல இடங்களில் இது சரியாகவே வந்துவிடும். அதனால்தான் தவறும் இடங்கள் கண்ணில் படுவதில்லை.

வங்கித் தேர்விலும் எஸ்எஸ்சி தேர்விலும் வரும் ‘பிழையைக் கண்டுபிடி’ கேள்விகள், ஐஇஎல்டிஎஸ் கட்டுரை, அலுவலக மெயில் என எங்கே எழுதினாலும் இந்த விஷயம் குறுக்கே வரும். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்கள் நிறைய உண்டு. எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. இருநூறு வினைகளை அகர வரிசையில் படித்தவர், மெயில் எழுதும்போது மறுபடியும் தமிழ் உருபிடம்தான் போய் நிற்பார். எங்கே சறுக்குகிறோம் என்று தெரிந்துகொண்டு அந்த இடங்களை மட்டும் பலப்படுத்துவது மேல்.

முதல் படி: பிரிபொசிஷன் தேவையா என்று கேளுங்கள்

எந்தப் பிரிபொசிஷன் என்று யோசிப்பதற்கு முன், ஏதாவது ஒன்று தேவையா என்று பார்க்க வேண்டும். நம் ஊர் ஆங்கிலத்தில் அதிகம் தென்படும் தவறு, தேவையில்லாத இடத்தில் ஒன்றை ஒட்டுவது. ‘வீ டிஸ்கஸ்டு அபௌட் த சாலரி’ என்பது இதில் முதலிடம். சம்பளத்தைப் பற்றி விவாதித்தோம் என்று தமிழில் நினைக்கிறோம், ‘பற்றி’ அபௌட் ஆகிவிடுகிறது. டிஸ்கஸ் என்ற வினை விஷயத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும்: ‘வீ டிஸ்கஸ்டு த சாலரி’. நடுவில் எதுவும் வேண்டாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தவை இன்னும் சில. அறைக்குள் நுழைந்தான் என்பதற்கு ‘என்டர்டு த ரூம்’ போதும், இன்டு வேண்டாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதற்கு ‘ரீச்டு மதுரை’, டு வேண்டாம். டாக்டரிடம் ஆலோசனை கேட்டேன் என்றால் ‘கன்சல்ட்டட் அ டாக்டர்’. எனக்குத் தெரிவியுங்கள் என்றால் ‘இன்ஃபார்ம் மீ’. அவளுக்கு ஃபோன் செய்தேன் என்றால் ‘ஐ கால்டு ஹெர்’. அவருக்கு உதவினேன் என்றால் ‘ஐ ஹெல்ப்டு ஹிம்’. அவரிடம் கேட்டேன் என்றால் ‘ஐ ஆஸ்க்டு ஹிம்’. அப்பாவைப் போல இருக்கிறான் என்றால் ‘ஹீ ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்’. தமிழில் இவ்வளவு உருபுகள் வருகின்றன, ஆங்கிலத்தில் அந்த இடமே காலியாக இருக்கிறது.

திருமணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரம்யா ஒரு டாக்டரைத் திருமணம் செய்துகொண்டாள்: ‘ரம்யா மேரீடு அ டாக்டர்’. வித் கிடையாது, டு கிடையாது. நிலையைச் சொல்லும்போது மட்டும் டு வரும்: ‘ஷீ இஸ் மேரீடு டு அ டாக்டர்’. நாம் ‘ஓடு’ என்று நினைப்பதால் எழுதும் ‘மேரீடு வித்’ இரண்டு இடத்திலும் பொருந்தாது.

இந்தத் தவறுகளுக்குத் தமிழ் மட்டும் காரணம் இல்லை. ஆங்கிலமும் ஒரு குழி தோண்டி வைத்திருக்கிறது. ஒரே சொல் பெயர்ச்சொல்லாக வரும்போது பிரிபொசிஷன் கேட்கும், வினையாக வரும்போது கேட்காது. ‘அ டிஸ்கஷன் அபௌட் சாலரி’ சரி. ‘டிஸ்கஸ் அபௌட் சாலரி’ தவறு. ‘அ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ தவறு. ‘ஆன் ஆர்டர் ஃபார் டென் சேர்ஸ்’ சரி. ‘வீ ஆர்டர்டு ஃபார் டென் சேர்ஸ்’ தவறு. ‘எம்ஃபசிஸ் ஆன் சேஃப்டி’ சரி. ‘எம்ஃபசைஸ் ஆன் சேஃப்டி’ தவறு. அ லாக் ஆஃப் மணி, அ விசிட் டு ஊட்டி, த ஆன்சர் டு த கொஸ்டின், எஃபெக்ட் ஆன் ஹெல்த் எல்லாம் பெயர்ச்சொற்கள். இவற்றை வினையாக்கிப் பாருங்கள்: ‘தே லாக் மணி’, ‘வீ விசிட்டட் ஊட்டி’, ‘ஆன்சர் த கொஸ்டின்’, ‘இட் அஃபெக்ட்ஸ் ஹெல்த்’. பிரிபொசிஷன் உதிர்ந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லோடு கேட்டுக் கேட்டுப் பழகிய காது, வினைக்கும் அதையே கொடுத்துவிடுகிறது. ஆகவே சந்தேகம் வந்தால், எழுதுவது வினையா பெயரா என்று முதலில் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் நூறு வினைகளின் பட்டியலைவிட அதிகம் உதவும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரே பொருள் தரும் இரண்டு வினைகளை ஜோடியாகப் படியுங்கள். ஒன்று பிரிபொசிஷன் கேட்கும், மற்றது கேட்காது. டிஸ்கஸ் என்றால் வெறுமனே, டாக் என்றால் அபௌட். ஆன்சர் வெறுமனே, ரிப்ளை என்றால் டு. அவெய்ட் வெறுமனே, வெயிட் என்றால் ஃபார். ரீச் வெறுமனே, அரைவ் என்றால் ஊருக்கு இன், ஸ்டேஷனுக்கு அட். சீக் வெறுமனே, லுக் என்றால் ஃபார். ஒப்போஸ் வெறுமனே, ஆப்ஜெக்ட் என்றால் டு. டெல் வெறுமனே, ஸ்பீக் என்றால் டு. ரிக்வெஸ்ட் வெறுமனே, ஒன்றை வேண்டிக் கேட்கும் ஆஸ்க் என்றால் ஃபார். எம்ஃபசைஸ் வெறுமனே, இன்சிஸ்ட் என்றால் ஆன். இப்படி ஜோடியாக வைத்துக்கொண்டால் ஒன்று மற்றதைக் காவல் காக்கும். ‘ரிப்ளை த மெயில்’ என்று எழுதப் போகும் கை, ஆன்சரை நினைத்ததும் நின்றுவிடும்.

இரண்டாம் படி: உருபு ஏமாற்றும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இப்போது எதிர்ப்பக்கம். தமிழில் ‘ஐ’ உருபு வரும் இடத்தில் ஆங்கிலத்திலும் நேராகப் போய்விடலாம் என்று தோன்றும். பாட்டைக் கேட்டேன், படத்தைப் பார்த்தேன், குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், சாவியைத் தேடினேன். ஆங்கிலத்தில் இவை ‘லிசன்டு டு த சாங்’, ‘லுக்டு அட் த பிக்சர்’, ‘லுக்டு ஆஃப்டர் த சைல்டு’, ‘லுக்டு ஃபார் த கீ’. ‘லிசன் மியூசிக்’ என்று எழுதுகிறவர்கள் ‘ஐ’ உருபை நம்பியவர்கள். ஹியர் என்றால் தானாகக் காதில் விழுவது, அதற்கு டு வேண்டாம். லிசன் என்றால் கவனம் கொடுத்துக் கேட்பது, அதற்கு டு வேண்டும்.

‘ஆல்’ உருபு இன்னொரு பொறி. காய்ச்சலால் அவதிப்படுகிறார் என்றதும் ‘சஃபரிங் பை ஃபீவர்’ என்று கை போகும். சரியானது ‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. புற்றுநோயால் இறந்தார் என்பது ‘டைடு ஆஃப் கேன்சர்’. காயங்களால் இறந்தார் என்றால் ‘டைடு ஃப்ரம் ஹிஸ் இன்ஜுரீஸ்’ என்றும் எழுதுவார்கள். ‘ஆல்’ என்றால் பை என்பது செயப்பாட்டு வாக்கியத்தில்தான் நன்றாகப் பொருந்தும்: அவரால் கட்டப்பட்டது, ‘பில்ட் பை ஹிம்’.

‘கு’ உருபின் கதை வேடிக்கையானது. எனக்கு விளக்குங்கள் என்பதற்கு ‘எக்ஸ்பிளெய்ன் டு மீ’ என்பதே சரி. தமிழைப் பின்பற்றியிருந்தாலே சரியாக வந்திருக்கும். ஆனால் கிவ் மீ, டெல் மீ, ஷோ மீ என்று பழகிய வாய் ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்று சொல்லிவிடுகிறது. எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட், டிஸ்கிரைப், சே, மென்ஷன், இன்ட்ரொடியூஸ் ஆகியவை ஆளுக்கு முன்னால் டு கேட்பவை. இந்த ஆறுக்கு மட்டும் தமிழை நம்பலாம். வேலைக்கு விண்ணப்பித்தேன் என்பதில் மறுபடி ஏமாற்றும்: அது ‘அப்ளைடு ஃபார் த ஜாப்’.

‘மேல்’ வந்தால் ஆன் போடும் ஆசையை அடக்க வேண்டும். அவர் மேல் கோபம் என்பது ‘ஆங்க்ரி வித் ஹிம்’ அல்லது ‘அட் ஹிம்’. அவர் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறேன் என்பது வெறும் ‘ஐ டிரஸ்ட் ஹிம்’. ரிலை, டிபெண்ட், கவுண்ட் என்றால் மட்டும் ஆன் வரும்.

மூன்றாம் படி: ஆளையும் விஷயத்தையும் பிரித்துப் பாருங்கள்

சில வினைகளுக்கு இரண்டு பக்கமும் கொக்கி உண்டு. ஒரு பக்கம் ஆள் மாட்டுவார், மறுபக்கம் விஷயம் மாட்டும். இரண்டு கொக்கிக்கும் வேறு வேறு பிரிபொசிஷன். அபாலஜைஸ் டு ஆள், ஃபார் செயல். கம்ப்ளெய்ன் டு ஆள், அபௌட் விஷயம். அப்ளை டு நிறுவனம், ஃபார் வேலை. ஆர்க்யூ வித் ஆள், அபௌட் விஷயம். டிபெண்ட் ஆன் ஆள், ஃபார் உதவி. அக்ரி என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை: ஆளோடு அல்லது கருத்தோடு ஒத்துப்போனால் வித், முன்வைத்த யோசனைக்குச் சம்மதித்தால் டு, பேசி ஒரு தேதியை முடிவு செய்தால் ஆன்.

சிலவற்றில் ஆள் நேராக வருவார், விஷயத்துக்கு மட்டும் பிரிபொசிஷன்: தேங்க் ஹிம் ஃபார், கங்கிராஜுலேட் ஹெர் ஆன், ரிமைண்ட் மீ ஆஃப், பிரிவென்ட் தெம் ஃப்ரம். பாஸானதற்கு வாழ்த்துகள் என்று சொல்ல ‘கு’ வருவதால் பலர் ‘கங்கிராஜுலேட் ஃபார்’ என்று எழுதுகிறார்கள். அது ஆன்.

இதைப் படிக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல பாடம், ஆங்கில நாளிதழின் குற்றச் செய்திப் பக்கம். ஒரு திருட்டு வழக்கு தொடங்கி முடிவதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும். சந்தேகப்பட்டால் சஸ்பெக்டட் ஆஃப். குற்றம் சாட்டினால் அக்யூஸ்டு ஆஃப். கைது செய்தால் அரெஸ்டட் ஃபார். போலீஸ் முறைப்படி குற்றச்சாட்டைப் பதிவு செய்தால் சார்ஜ்டு வித். விசாரணை முடிந்து குற்றவாளி என்று தீர்ப்பானால் கன்விக்டட் ஆஃப், விடுதலையானால் அக்விட்டட் ஆஃப். தண்டனை விதித்தால் சென்டென்ஸ்டு டு, அதன் பிறகு ‘டூ இயர்ஸ் இன் பிரிசன்’. யார் மேலாவது பழி போட்டால் பிளேம் ஹிம் ஃபார். இந்த வரிசை ஆண்டுதோறும் மாறுவதில்லை. நிருபர் எவராக இருந்தாலும், ஊர் எதுவாக இருந்தாலும் இதே சொற்கள்தான் வரும். ஒரு வாரம் தினம் ஒரு செய்தியை எடுத்து, வினையையும் அதை ஒட்டி நிற்கும் சொல்லையும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள், மனப்பாடமே தேவைப்படாது.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ராப் என்ற வினையும் ஸ்டீல் என்ற வினையும் தமிழில் கொள்ளை, திருட்டு என்று பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சொற்கள். ஆங்கிலத்தில் அமைப்பே தலைகீழ். ‘தே ராப்டு ஹெர் ஆஃப் ஹெர் செயின்’: பறிகொடுத்தவர் முதலில், பொருள் பிறகு. ‘தே ஸ்டோல் த செயின் ஃப்ரம் ஹெர்’: பொருள் முதலில், பறிகொடுத்தவர் பிறகு. வங்கியை ராப் செய்யலாம், பணத்தை ஸ்டீல் செய்யலாம். ‘ராப்டு த மணி’ என்று எழுதினால் பிரிபொசிஷனில் பிழை இல்லாவிட்டாலும் வாக்கியம் இடிக்கும்.

நான்காம் படி: மாற்றினால் பொருள் மாறுகிறதா?

இதுவரை பார்த்தவை சரி, தவறு என்ற கணக்கு. இனி வருபவை இரண்டும் சரி, பொருள்தான் வேறு. இங்கே இலக்கணத் திருத்தும் மென்பொருளும் பெரும்பாலும் கைவிட்டுவிடும், ஏனென்றால் வாக்கியத்தில் பிழையே இல்லை. நீங்கள் சொல்ல நினைத்தது அதுவா என்பது அதற்குத் தெரியாது.

‘பிரிப்பேர் த எக்ஸாம்’ என்றால் கேள்வித்தாள் தயாரிப்பது, அது ஆசிரியர் வேலை. ‘பிரிப்பேர் ஃபார் த எக்ஸாம்’ என்றால் தேர்வுக்குப் படிப்பது, அது மாணவர் வேலை. பேட்டியில் ‘ஐ பிரிப்பேர்டு த யுபிஎஸ்சி எக்ஸாம் ஃபார் டூ இயர்ஸ்’ என்று சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

‘லீவ் சென்னை’ என்றால் சென்னையை விட்டுக் கிளம்புவது. ‘லீவ் ஃபார் சென்னை’ என்றால் சென்னையை நோக்கிக் கிளம்புவது. மெயிலில் இதை மாற்றிப் போட்டால், அழைத்துப் போக வருகிறவர் எந்த ஊர் ஸ்டேஷனில் நிற்பது என்று குழம்புவார். நேர் எதிர்ப்பொருள், ஒரே ஒரு ஃபார்.

‘அட்டெண்ட் த மீட்டிங்’ என்றால் கூட்டத்தில் கலந்துகொள்வது. ‘அட்டெண்ட் டு த கஸ்டமர்’ என்றால் வாடிக்கையாளரைக் கவனிப்பது. ‘பிலீவ் ஹிம்’ என்றால் அவர் சொன்னதை நம்புவது. ‘பிலீவ் இன் ஹிம்’ என்றால் அவர் சாதிப்பார் என்று அவர்மேலேயே நம்பிக்கை வைப்பது. கடவுளுக்கும் இன்தான். ‘ஷாட் த டைகர்’ என்றால் குண்டு புலி மேல் பட்டது. ‘ஷாட் அட் த டைகர்’ என்றால் புலியைக் குறிவைத்துச் சுட்டார்கள். பட்டதா இல்லையா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. பேட்டி முடிந்து கம்பெனியிலிருந்து பதில் வந்தால் ‘ஹியர்டு ஃப்ரம் த கம்பெனி’. அப்படி ஒரு கம்பெனி இருப்பது மட்டும் தெரிந்தால் ‘ஹியர்டு ஆஃப்’.

டு, அட் இரண்டுக்கும் நடுவில் ஒரு குணபேதம் இருக்கிறது. ‘த்ரூ த பால் டு மீ’ என்றால் நான் பிடிக்கட்டும் என்று போட்டார். ‘அட் மீ’ என்றால் அடிக்கத்தான் எறிந்தார். ‘ஷவுட்டட் டு மீ’ என்றால் தூரத்தில் இருந்த எனக்குக் கேட்கட்டும் என்று கத்தினார். ‘அட் மீ’ என்றால் திட்டினார். டு போய்ச் சேர்கிறது, அட் குறிவைக்கிறது. லாஃப் அட், ஸ்டேர் அட், எய்ம் அட், நாய் குரைத்தால் பார்க் அட் எல்லாவற்றிலும் இந்தக் குறிவைப்பு தெரியும்.

இதே கண்ணோடு மற்றவற்றையும் பார்த்தால் ஓரளவு உறவு புலப்படும். ஃபார் என்றால் இன்னும் கைக்கு வராததை நோக்கிய ஆசை: வெயிட், ஹோப், ஆஸ்க், பிரே, அப்ளை. ஃப்ரம் என்றால் விலக்கம்: பிரிவென்ட், புரொடெக்ட், எஸ்கேப், ரெக்கவர். ஆன் என்றால் ஒன்றின்மேல் பாரம் வைப்பது: டிபெண்ட், இன்சிஸ்ட், கான்சன்ட்ரேட், ஸ்பெண்ட். ரிசல்ட் இன் என்றால் விளைவு முன்னால் இருக்கிறது. ரிசல்ட் ஃப்ரம் என்றால் காரணம் பின்னால் இருக்கிறது. இதை நினைவுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டமாக அல்ல. ஆஃப் எந்த உறவுக்கும் கட்டுப்படாது. அதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பிரிபொசிஷனுக்குப் பின் இன்னொரு வினை வந்தால்

அது ஐஎன்ஜி வடிவத்தில் வர வேண்டும். ‘சக்சீடட் இன் பாஸிங்’, ‘இன்சிஸ்டட் ஆன் பேயிங்’, ‘திங்கிங் ஆஃப் ரிசைனிங்’. இதில் விதிவிலக்கு கிட்டத்தட்ட இல்லை. தடுமாற வைப்பது டு மட்டும்தான், ஏனென்றால் ‘டு கோ’, ‘டு ஈட்’ என்று வினையோடு வரும் இன்னொரு டு இருக்கிறது. அலுவலக மெயில்களின் கடைசி வரியாக வரும் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ இதற்குப் பலியானது. அது ‘டு ஹியரிங் ஃப்ரம் யூ’.

எந்த டு என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை: அதற்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்டு டு இட்’ நிற்கிறது, ஆகவே அது பிரிபொசிஷன், ஐஎன்ஜி வேண்டும். ‘ஐ வான்ட் டு இட்’ நிற்கவில்லை, ஆகவே வெறும் வினை போதும். ‘ஐ ஆப்ஜெக்ட் டு இட்’, ‘ஐ யம் யூஸ்டு டு இட்’ இரண்டும் நிற்கின்றன. சரியா?

ஆறாம் படி: வாக்கியம் திரும்பினாலும் பிரிபொசிஷனைத் தொலைக்காதீர்கள்

நேர் வாக்கியத்தில் ஒழுங்காக எழுதுகிறவர்கள்கூட கேள்வி, பெயரெச்சம், செயப்பாட்டு என்று வாக்கியம் திரும்பும்போது பிரிபொசிஷனை விட்டுவிடுகிறார்கள். தமிழில் ‘நான் காத்திருந்த பஸ்’ என்று சொல்லும்போது ‘பஸ்ஸுக்காக’ என்பதிலிருந்த உருபு காணாமல் போய்விடுகிறது அல்லவா, அதே பழக்கம். ஆங்கிலத்தில் அது போகாது: ‘த பஸ் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார்’. உட்கார ஒரு நாற்காலி: ‘அ சேர் டு சிட் ஆன்’. எதற்காகக் காத்திருக்கிறாய்: ‘வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’. அவரைக் கேலி செய்தார்கள் என்பதைத் திருப்பினால் ‘ஹீ வாஸ் லாஃப்டு அட்’. அந்த அட் விழுந்தால் வாக்கியமே விழுந்துவிடும்.

வாக்கியத்தின் கடைசியில் பிரிபொசிஷன் வரக்கூடாது என்று பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் இன்னொரு கவிஞரிடம் கண்டுபிடித்த குறை அது. அவருக்கு முன்பும் பின்பும் ஆங்கிலேயர்கள் தாராளமாகக் கடைசியில்தான் வைத்துப் பேசுகிறார்கள். மிகவும் சம்பிரதாயமான கடிதத்தில் வேண்டுமானால் ‘டு ஹூம்’, ‘ஃபார் விச்’ என்று முன்னால் கொண்டுவரலாம்.

அப்புறம், எல்லாச் சின்னச் சொல்லும் பிரிபொசிஷன் இல்லை. ‘லுக் அப் த வேர்டு’ என்பதில் அப், வினையின் உறுப்பு மாதிரி. அதை ‘லுக் இட் அப்’ என்று பிரிக்கலாம், ‘லுக் அப் இட்’ வராது. ‘லுக் அட் இட்’ என்பதைப் பிரிக்க முடியாது. இட் நடுவில் நுழைகிறதா என்று பார்த்தாலே இரண்டும் பிரிந்துவிடும். மேற்கொண்டு அது வேறு பாடம்.

சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது

ஆங்கிலம் தமிழ் அகராதியில் பார்க்காதீர்கள். அது பொருளைத் தரும், அமைப்பைத் தராது. கற்போருக்கென்று எழுதிய ஆங்கில அகராதி வேண்டும். இந்த வகையைப் பிரபலமாக்கிய ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் தலைமையில் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக உலகெங்கும் போனது. வினை எந்த அமைப்பில் வரும் என்பதுதான் கற்பவருக்கு முதல் தேவை என்று அவர் கண்டுகொண்டது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவர்களுக்கு நடுவில் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். இன்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசம்.

அங்கே வினையைத் தேடினால், பொருளுக்கு முன் சில குறிகள் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் குறிகளில்தான் விடை இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘டி’ (T) இருந்தால் செயப்படுபொருள் குன்றாத வினை, நடுவில் எதுவும் வேண்டாம். பெரிய எழுத்து ‘ஐ’ (I) இருந்தால் குன்றிய வினை, பொருளை ஒட்ட ஏதாவது பிரிபொசிஷன் தேவைப்படும். ‘எஸ்பி’ (sb) என்றால் யாரோ ஒருவர், ‘எஸ்டிஹெச்’ (sth) என்றால் ஏதோ ஒன்று. இந்தச் சுருக்கங்களுக்கு முன்னால் தடித்த எழுத்தில் இருக்கும் சின்னச் சொல்தான் நீங்கள் தேடி வந்தது. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றையாவது சத்தமாகப் படித்துவிட்டு மூடுங்கள்.

நோட்டில் எழுதும்போது வினையை மட்டும் எழுதாதீர்கள். ‘அபாலஜைஸ்: மன்னிப்புக் கேள்’ என்ற குறிப்பால் பயன் இல்லை. ‘அபாலஜைஸ் டு ஆள் ஃபார் செயல்’ என்று முழு அமைப்பாக எழுதி, கீழே உங்கள் வீட்டையோ வேலையையோ பற்றிய ஒரு உண்மையான வாக்கியம் எழுதுங்கள். புத்தக வாக்கியம் மறந்துபோகும், பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டது மறக்காது.

காதால் மட்டும் பிடிக்கலாம் என்று படம் பார்த்துக்கொண்டிருந்தால் பலன் குறைவு. பேச்சில் பிரிபொசிஷன்களை ஆங்கிலேயர் விழுங்கிவிடுகிறார்கள். டு என்பது ‘ட’ மாதிரி, ஃபார் என்பது ‘ஃப’ மாதிரி, அட் என்பது அரை எழுத்தாக ஒலிக்கும். ‘வெயிட் ஃபார் மீ’ என்பது காதில் ‘வெயிட்ஃபமீ’ என்று விழும். கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடட்டும். கண் பார்த்ததைக் காது பிறகு பிடித்துக்கொள்ளும்.

பிரிட்டனும் அமெரிக்காவும் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது பிரிட்டனில் ‘அப்பீல் அகைன்ஸ்ட்’, அமெரிக்காவில் வெறும் ‘அப்பீல்’. எனக்குக் கடிதம் எழுது என்பது பிரிட்டனில் ‘ரைட் டு மீ’, அமெரிக்காவில் ‘ரைட் மீ’. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். ‘டிஸ்கஸ் அபௌட்’ நம் நாட்டில் மட்டுமல்ல, சிங்கப்பூரிலும் நைஜீரியாவிலும் கேட்கலாம். பேச்சில் யாராவது சொன்னால் திருத்தப் போக வேண்டாம், எல்லோருக்கும் புரிகிறது. தேர்வுத் தாளிலும் விண்ணப்பத்திலும்தான் அது மதிப்பெண்ணைக் குறைக்கும்.

செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு விடையைப் பாருங்கள். தாமதத்துக்காக வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டோம். மேனேஜர் பாதுகாப்பை வலியுறுத்தினார். உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன். பையன் படிப்புக்கு நிறையச் செலவு செய்கிறார். நான் பேசிக்கொண்டிருந்த பெண் என் அத்தை. போலீசார் நகைகளைத் தேடி வீட்டைச் சோதனை போட்டார்கள்.

விடைகள். முதலாவது: ‘வீ அபாலஜைஸ்டு டு த கஸ்டமர் ஃபார் த டிலே’. இரண்டாவதற்கு ‘எம்ஃபசைஸ்டு சேஃப்டி’. இன்சிஸ்ட் பயன்படுத்தியிருந்தால் ‘இன்சிஸ்டட் ஆன் சேஃப்டி’. மூன்றாவது: ‘ஐ லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ’. நான்காவது: ‘ஹீ ஸ்பெண்ட்ஸ் அ லாட் ஆன் ஹிஸ் சன்ஸ் எஜுகேஷன்’, ‘கு’ உருபை நம்பி ஃபார் போட்டிருந்தால் இரண்டாம் படிக்கு ஒரு முறை போய் வாருங்கள். ஐந்தாவது: ‘த உமன் ஐ வாஸ் டாக்கிங் டு இஸ் மை ஆன்ட்’. கடைசி வாக்கியத்தில் ஒரே வினைக்கு இரண்டு வேலை: ‘த போலீஸ் சர்ச்டு த ஹவுஸ் ஃபார் த ஜுவல்ஸ்’. தேடும் இடம் வினையை ஒட்டி நேராக வருகிறது, தேடப்படும் பொருள் ஃபாருக்குப் பின்னால் வருகிறது. ‘சர்ச்டு த ஜுவல்ஸ்’ என்று எழுதியிருந்தால், நகைகளுக்குள் வேறு எதையோ தேடினார்கள் என்று ஆகிவிடும்.